டேட்டாபேஸுக்குத் தளம் போட்டார்கள்

இளவேனிலுக்குப் போக வேண்டிய மெயில் இளவேனிலுக்குப் போய்விட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் இளவேனில், சுரங்க நகரியக் குடியிருப்போர் நலக் கூட்டமைப்பின் வாலிபால் பொறுப்பாளர். பெரிய மீசைக்காரர். இரண்டாவது இளவேனில், அதே கூட்டமைப்பின் மகளிர் அணித் தலைவி. 'நாளை விடியற்காலை அரை டிராயருடன் மைதானத்துக்கு வரவும். தவறினால் டீமிலிருந்து நீக்கப்படுவீர்' என்ற மெயில் மகளிர் அணித் தலைவிக்குப் போனது. அதை முதலில் படித்தது அவருடைய வீட்டுக்காரர். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனிதர், படுக்கக்கூட இல்லாமல் நேராகக் கூட்டமைப்பு ஆபீசுக்கு வந்து மேஜையைத் தட்டினார்.

தட்டப்பட்ட மேஜை இசக்கிமுத்துவுடையது.

இசக்கிமுத்துவின் அப்பா நாங்குநேரியிலிருந்து வேலைக்கு வந்து, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு வாழ்ந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் அல்லவா, செய்தார்கள். அன்றிலிருந்து குடும்பம் டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறது. இசக்கிமுத்து பதினோரு வருஷமாகக் கூட்டமைப்பில் கான்ட்ராக்ட். ஒவ்வொரு மார்ச் மாதமும் அவன் வேலை முடியும். ஏப்ரலில் மறுபடி ஆரம்பிக்கும். நடுவே இரண்டு நாள் அவன் யாரும் இல்லை.

அவன் பொறுப்பில் இருந்தது ஒரு மெயில் சர்வர். பெயர்தான் பெரிது. பின்னறையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். கூட்டமைப்பின் நிர்வாகிகள், அணித் தலைவர்கள், பிளாக் பிரதிநிதிகள் என்று நாற்பது பேர் தேறுவார்கள். அவர்களுக்குள் போகும் மெயில்களை அந்தப் பெட்டி வாங்கி, பிரித்து, உரியவரிடம் சேர்க்கும். நாற்பது பேரின் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தன. ஆளுக்கு ஒரு வரி. புது ஆள் வந்தால் ஒரு வரி சேர்ப்பான், போனால் ஒரு வரி எடுப்பான். மளிகைக் கடைக்கு எழுதும் சீட்டு மாதிரி இருக்கும். பெட்டி எப்போதும் சூடாக இருக்கும் என்பதால், ஆபீஸ் பெருக்கும் வள்ளியம்மாள் தன் சோற்று டப்பாவை அதன் தலையில் வைத்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

"தோ பாரு தம்பி, உம் பொட்டி இல்லன்னா நான் மத்தியானத்துக்கு ஜில்லுனு துன்னுகினு இருக்கணும்" என்பார். அந்தச் சர்வரை மனதாரப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான்.

நடந்த குழப்பம் என்னவென்று இசக்கிமுத்துவுக்கு உடனே புரிந்தது. ஒருவர் முகவரி இளவேனில்-1, மற்றவர் முகவரி இளவேனில்-2. அனுப்பியவரின் விரல் பிசகிவிட்டது. இசக்கிமுத்து ஃபைலைத் திறந்து ஒன்றை 'வாலிபால் இளவேனில்' என்றும், மற்றதை 'மகளிர் இளவேனில்' என்றும் மாற்றினான். வீட்டுக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். டீ ஆறுவதற்குள் பிரச்சினை முடிந்துவிட்டது.

ஆனால் பிரச்சினை முடிந்தது தலைவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

தலைவர் மதிவாணன் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பெற்ற விஷயமும் அவருக்கு இன்னும் முழுதாகத் தெரிவிக்கப்படவில்லை. அவர் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். அவருக்கு வரும் மெயில்களை இசக்கிமுத்து பிரிண்ட் எடுத்து, அட்டைக்குள் வைத்து, மேஜையில் சேர்க்க வேண்டும். அவர் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நல்ல செய்திக்கும் 'பார்த்தேன்'தான், கெட்ட செய்திக்கும் 'பார்த்தேன்'தான். ஒருமுறை ஏதோ கம்பெனியின் தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்தது. தலைவர் வழுக்கை. அதையும் பார்த்தார்.

இளவேனில் விவகாரத்தைப் பார்த்ததும் அவர் அவசரக் கூட்டம் போட்டார். கூட்ட அழைப்பு எல்லோருக்கும் மெயிலில் போனது. மெயில் வந்து சேர்ந்தது என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வர வள்ளியம்மாளை அனுப்பினார்கள்.

"மெயிலுன்னா காத்துல போறதுன்னு சொன்ன. காத்துக்குப் பின்னாடி நான் வெயில்ல நடந்துகினு போறேன்" என்றார் வள்ளியம்மாள்.

கூட்டத்தில் தலைவர் நேராக இசக்கிமுத்துவைப் பார்த்தார்.

"நம்ம உறுப்பினர்களோட பேரெல்லாம் எங்க இருக்கு?"

"ஒரு ஃபைல்ல சார்."

"ரெக்கார்ட் ரூம்லயா?"

"இல்ல சார். கம்ப்யூட்டருக்குள்ள. டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேட் மாதிரி."

சபை அதிர்ந்தது. 'நோட்பேட்' என்று பக்கத்திலிருந்தவர் காதில் ஒருவர் சொன்னார். ஏதோ துக்கச் செய்தியைச் சொல்வது போல இருந்தது.

"மண்ணு வெட்டற மெஷின் ஒண்ணொண்ணும் ஒரு தெரு நீளத்துக்கு நிக்கிற ஊரு இது" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "இங்க நம்ம மெயில் நோட்பேட்ல ஓடுது. வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்? டேட்டாபேஸ் இல்லையா நமக்கு?"

"நாப்பது பேருக்கு அது தேவையில்ல சார். பதினோரு வருஷமா டேட்டாபேஸ் இல்லாமத்தான் ஓடுது. நான் அதைத் தொட்டதே இல்ல. ஒரு நாள் சர்வர் நின்னதில்ல."

"நிக்கலன்னா?" தலைவர் எழுந்தே விட்டார். "நிக்காம ஓடறது ஒரு நிர்வாகமாய்யா? நான் சர்வீஸ்ல இருந்தப்போ ஒரே ஒரு போல்ட் வாங்க மூணு கமிட்டி போட்டேன். அதுல ரெண்டு கமிட்டி இன்னும் அறிக்கை கொடுக்கல. அந்த போல்ட் இல்லாமலே மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு. ஏன் ஓடுது? கமிட்டி இருக்கு, அதனால ஓடுது!"

கைதட்டல் ஓய நேரமானது. டேட்டாபேஸ் தேவையா என்று ஆராயக் கமிட்டி அமைக்கப்பட்டது. செயலாளர் அன்புச்செல்வன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இசக்கிமுத்து சொன்னதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகக் குறித்துக்கொண்டார்.

அன்புச்செல்வனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் இசக்கிமுத்துவும் டவுன்ஷிப் பள்ளியில் ஒரே பெஞ்ச். ஒருவன் சட்டையில் மை கொட்டினால் இன்னொருவன் சட்டையிலும் இருக்கும். அன்புச்செல்வனின் அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது இசக்கிமுத்து. 'உன்னை பர்மனென்ட் ஆக்காம விடமாட்டேன்டா' என்று அன்புச்செல்வன் சொன்னது அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில்தான். அப்போது அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதனால் இசக்கிமுத்து அதை நம்பினான்.

கூட்டம் முடிந்த சாயங்காலம் அன்புச்செல்வன் அவனை மெயின் பஜாருக்கு டீ குடிக்க அழைத்துப் போனான்.

"டேய் இசக்கி, உனக்குப் புத்தி இருக்கா? தேவையில்லன்னு சபையில சொல்ற!"

"தேவையில்லதானடா."

"தேவையில்லன்னு சொன்னா நீ யாரு? நோட்பேட் பாத்துக்கிற ஆளு. அதை யார் வேணா பாத்துக்கலாம். தேவைன்னு சொல்லு. அப்போ டேட்டாபேஸ் வரும். டேட்டாபேஸ் வந்தா அதுக்கு ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் வேணும். அது பர்மனென்ட் போஸ்ட். போஸ்ட்டோட நம்ம ஆபீசுக்குன்னு ஒதுக்கின குவார்ட்டர்ஸ் ஒண்ணு சும்மாவே பூட்டிக் கிடக்குது. யாருக்குடா அது?"

இசக்கிமுத்து டீயை மறந்தான்.

"எனக்காடா?"

"பின்ன என் மச்சானுக்கா?" என்று சிரித்தான் அன்புச்செல்வன். இசக்கிமுத்துவும் சிரித்தான். நல்ல ஜோக் என்றுதான் நினைத்தான்.

வீட்டில் அவன் மனைவி விஜயகுமாரி பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊசியை நிறுத்தினாள்.

"அந்த டேட்டாபேஸு நெசமாவே தேவையாங்க?"

"இல்ல."

"தேவைன்னு எழுதிக் குடுத்தா யாருக்காச்சும் கெடுதலா?"

"இல்ல. சும்மா ஒரு மூலையில இருக்கும்."

"டவுன்ஷிப்ல சும்மா மூலையில இருக்கிறது எவ்வளவோ இருக்கு. அதோட இதுவும் இருந்துட்டுப் போகட்டும். எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தான். பொய் எழுதிப் பழக்கமில்லாததால் முதல் பக்கம் எழுத ரொம்பக் கஷ்டப்பட்டான். இரண்டாம் பக்கத்தில் கை வந்துவிட்டது. உறுப்பினர் எண்ணிக்கை வருங்காலத்தில் ஒரு லட்சத்தைத் தொடலாம் என்று எழுதினான். நகரியத்தின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே பெயரில் நூறு இளவேனில்கள் வந்தால் டெக்ஸ்ட் ஃபைல் தாங்குமா என்று ஒரு கேள்வி எழுப்பி, தாங்காது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். அறிக்கையைப் படித்த தலைவர் 'பார்த்தேன்' என்பதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார். அது அவர் கொடுக்கும் உச்சபட்ச மரியாதை.

விஜயகுமாரி மறுநாளே ஸ்கூட்டியில் போய் அந்தப் பூட்டிய குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம், வேலிக்குள் கையை விட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டுவிட்டு வந்தாள். தினமும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய் வேலிக்கு வெளியே நின்றபடியே ஊற்றினாள்.

இனி மொழிபெயர்ப்பு. கூட்டமைப்பின் கோப்புகள் எல்லாம் தூய தமிழில்தான் போக வேண்டும் என்பது விதி. ரிட்டயர் ஆன தமிழாசிரியர் ஒருவர் அதற்கென்றே இருந்தார். 'மெயில் சர்வருக்கு டேட்டாபேஸ் பேக் எண்ட் அமைத்தல்' என்ற தலைப்பு அவரிடம் போயிற்று. டேட்டா என்றால் தரவு. பேஸ் என்றால் தளம். பேக் என்றால் பின். மூன்று நாள் வெற்றிலை போட்டு யோசித்து, 'அஞ்சலகத்திற்குத் தரவுப் பின்தளம் அமைத்தல்' என்று எழுதினார். கமிட்டியில் ஒருவர் அதைத் 'தரகு' என்று படித்துவிட்டு, தரகர்களுக்கெல்லாம் தளம் போட்டுக் கொடுக்க முடியாது என்று வெளிநடப்பு செய்தார். மீதிப் பேர் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். தளம் என்று இருந்ததால் கோப்பு நேராகக் கட்டடப் பிரிவுக்குப் போனது.

ஒரு நாள் காலை, கட்டடப் பிரிவு பழனிவேல் டேப்போடும் இரண்டு ஆட்களோடும் பின்னறையில் வந்து நின்றார்.

"தளம் எந்தப் பக்கம் வருதுங்க?"

"தளம் இல்லங்க. டேட்டாபேஸ். கம்ப்யூட்டருக்குள்ள வர்றது" என்றான் இசக்கிமுத்து.

"உள்ளயா? உள்ள ஏற்கனவே தளம் இருக்கே, மொசைக்கு." காலால் தட்டிக் காட்டினார். "சாங்ஷன்ல பின்தளம்னு போட்டிருக்கு. அப்போ பின்பக்கம்தான். இந்தச் சுவருக்கு அந்தாண்ட. தரவுன்னா என்னங்க, எவ்வளவு வெயிட் வரும்?"

"வெயிட்டே கிடையாதுங்க."

பழனிவேல் அவனைக் கூர்ந்து பார்த்தார். இருபது வருஷ அனுபவத்தில் வெயிட் இல்லாத பொருளுக்கு அவர் தளம் போட்டதில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. இன்னிக்கு இருக்காது. நாளைக்கு ஏத்துவாங்க. டிராக்டர் நிக்கிற அளவுக்குப் போட்டுடறேன். பின்னாடி என்னைக் கேக்கக் கூடாது பாருங்க."

இசக்கிமுத்து அன்புச்செல்வனின் அறைக்கு ஓடினான்.

"டேய், அவரு காங்கிரீட் போடப் போறார்டா!"

"தெரியும். கம்முனு இரு."

"தெரியுமா?"

"கோப்பைத் திருப்பி அனுப்பினா திரும்ப முதல் கமிட்டியிலேர்ந்து ஆரம்பிக்கணும். உன் பர்மனென்ட் அடுத்த ஜென்மத்துக்குத்தான். தளம் வந்தா பணி நிறைவுன்னு எழுதலாம். பணி நிறைவுன்னு எழுதினாத்தான் போஸ்ட். காங்கிரீட்டோ கம்ப்யூட்டரோ, உனக்கு போஸ்ட் வேணுமா, வேணாமா?"

இசக்கிமுத்து வேணும் என்றான். சொல்லும்போது அவனுக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது.

நல்ல நாள் பார்த்துப் பின்பக்கத்துப் புல்லை வெட்டிக் கம்பி கட்டினார்கள். பூஜைக்குத் தலைவர் வந்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். மெயில் சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். தலையில் இருந்த வள்ளியம்மாளின் டப்பாவையும் ஏதோ பாகம் என்று நினைத்து அதற்கும் வைத்தார்கள். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"டேட்டாபேஸ்னா என்னன்னு என்னைக் கேக்கிறாங்க. எனக்குத் தெரியாது! மேடையில நின்னு தைரியமா சொல்றேன், தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன். ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னா அதைப் பத்தி முடிவெடுக்கப் பயம் வந்துடும். என் சர்வீஸ்ல நான் பயந்ததே கிடையாது. ஏன்னா எனக்கு எதுவுமே தெரியாது! இன்னிக்கு அத்தனை பேரும் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத இடத்துல டேட்டாவை வெக்கிறாங்க. நம்ம டேட்டா நம்ம மண்ணுல, நம்ம சிமெண்டு மேல நிக்கப் போகுது. யாராவது திருட முடியுமா?"

முடியாது என்று சபை ஒப்புக்கொண்டது. கேசரி கொடுத்தார்கள். காங்கிரீட் கலக்கும் மெஷின் ஓடத் தொடங்கியதும் தலைவர் பேச்சைவிட அது தெளிவாகக் கேட்டது.

இரண்டு வாரம் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். தளம் பளபளவென்று எழுந்தது. அதில் ஏற்ற ஒன்றும் இல்லாததால் சும்மா வெயிலில் கிடந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் வள்ளியம்மாளின் மகள் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய நேரம் அது. ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து தளம் முழுக்கப் பரப்பிவிட்டார் அந்த அம்மாள்.

"ஏங்க, இது டேட்டாபேஸுக்குப் போட்ட தளம்" என்றான் இசக்கிமுத்து.

"வரட்டுமே. வர்ற வரைக்கும் காயட்டும். இன்னா சைஸுல வரும் அது? ஓரமா ஒதுக்கிக்கிறேன்."

தளம் பயன்பாட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்க வந்த பழனிவேல், மல்லாட்டையைக் கண்டு திருப்தியோடு 'முழுக் கொள்ளளவில் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். வெயிட் வரும் என்று அவர்தான் முதலிலேயே சொன்னாரே.

போஸ்ட் அறிவிப்பு வந்தது. தரவுத் தள நிர்வாகி, நிரந்தரப் பணி, குவார்ட்டர்ஸ் உண்டு. விஜயகுமாரி நாங்குநேரிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். கறிவேப்பிலைக் கன்று மூன்றாவது கொத்து விட்டிருந்தது. இன்டர்வியூ அன்று இசக்கிமுத்து கல்யாணத்துக்கு எடுத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனான். வராண்டாவில் இன்னும் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். டை கட்டிய பையன். இசக்கிமுத்துவைப் பார்த்துச் சிநேகமாகத் தலையாட்டினான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர். ஒரு பக்கம் அன்புச்செல்வன். இன்னொரு பக்கம் தொழில்நுட்ப வல்லுநர். தளத்தைப் பற்றித் தெரிந்தவர் வேண்டுமே என்று பழனிவேலையே உட்கார வைத்திருந்தார்கள்.

"தளம் போட்டா எத்தனை நாள் தண்ணி ஊத்தணும்?" என்றார் பழனிவேல்.

"ரெண்டு வாரமாவது ஊத்தணும்ங்க."

"கரெக்ட்." பழனிவேல் மலர்ந்துபோய்த் தலைவரைப் பார்த்தார். "விஷயம் தெரிஞ்ச ஆளு சார்."

இசக்கிமுத்துவுக்கு நெஞ்சு லேசானது. இனி அன்புச்செல்வன்தான் கேட்க வேண்டும். தன் நண்பன் என்ன கேட்பான்? பெயர் கேட்பான். ஊர் கேட்பான்.

"மிஸ்டர் இசக்கிமுத்து" என்றான் அன்புச்செல்வன்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து 'மிஸ்டர்' வந்தது. சபைக்காக என்று இசக்கிமுத்து நினைத்துக்கொண்டான்.

"நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதினோரு வருஷம் சார்." 'சார்' என்று சொல்ல அவனுக்கும் நாக்கு புரளவில்லை.

"அதுல எத்தனை வருஷம் டேட்டாபேஸ்ல வேலை பாத்தீங்க?"

இசக்கிமுத்து விழித்தான்.

"இங்க டேட்டாபேஸே இல்லையே."

"அதைத்தான் கேக்கறேன். இந்தப் போஸ்ட்டுக்கு டேட்டாபேஸ் அனுபவம் வேணும். முதல் கூட்டத்துல தலைவர் முன்னாடி நீங்களே சொன்னீங்க. பதினோரு வருஷமா டேட்டாபேஸ் இல்லாம ஓட்டறேன், தொட்டதே இல்லன்னு. சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். ஆனா அது..."

"நாப்பது பேருக்குத் தேவையே இல்லன்னும் சொன்னீங்க. அடுத்த வாரமே ஒரு லட்சம் பேருக்குத் தேவைன்னு எழுதிக் கொடுத்தீங்க. எதுங்க உண்மை?"

தலைவர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். "நிலையில்லாத மனுஷனா இருக்கீங்களே. நிரந்தரப் பதவிக்கு நிலையான மனசு வேணும்யா."

இசக்கிமுத்து வெளியே வந்தான். டை கட்டிய பையன் உள்ளே போனான். அவன் பெயர் அருள்மொழி. சென்னையில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியில் இருந்தவன். கம்பெனி கொடுக்கும் போன் நம்பர்களுக்கு வரிசையாக போன் போட்டு, 'சார், செங்கல்பட்டுக்குப் பக்கத்துல ஒரு பிளாட் இருக்கு' என்று சொல்வது அவன் வேலை. அந்த நம்பர் தொகுப்புக்குக் கம்பெனியில் 'கஸ்டமர் டேட்டாபேஸ்' என்று பெயர். ஆக மூன்று வருஷ டேட்டாபேஸ் அனுபவம். மற்றபடி அவன் அன்புச்செல்வனுடைய மனைவியின் தம்பி.

மெயின் பஜாரில் சொன்ன ஜோக் இசக்கிமுத்துவுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் அன்புச்செல்வனை மடக்கினான்.

"அன்பு, ஆஸ்பத்திரியில என்னடா சொன்ன?"

அன்புச்செல்வன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பழையபடி தோளில் கை போட்டான்.

"டேய், நான் என்னடா பண்ணுவேன்? வீட்டுல இருந்து எவ்வளவு பிரஷர் தெரியுமா? அவனுக்கும் வயசு ஏறிட்டே இருக்கு. உனக்குன்னா பதினோரு வருஷம் பழகிப்போச்சு."

"நான்தானடா அறிக்கை எழுதினேன்?"

"நீதான எழுதின! நீ எழுதலன்னா போஸ்ட்டே வந்திருக்காதே. அவன் அதை மறக்கவே மாட்டான், சொல்லியிருக்கேன்." தோளை ஒரு அழுத்து அழுத்தினான். "அப்புறம்... பர்மனென்ட் ஆளு வந்துட்டா அதே சர்வருக்குக் கான்ட்ராக்ட் ஆளு எதுக்குன்னு தலைவர் கேக்கறாரு. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். இந்த மார்ச்சோட... ஏப்ரல் வேணாம்னுட்டாரு."

இசக்கிமுத்து அந்தக் கையை எடுத்துவிட்டான். வேறு எதுவும் செய்யவில்லை. அடித்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தான். ஆனால் எதைச் சொல்லி அடிப்பது? தேவையில்லாததைத் தேவை என்று எழுதிய கை அவனுடையது.

விஷயம் கேட்ட விஜயகுமாரி கையிலிருந்த பிளவுஸை மடித்து வைத்தாள். பிறகு, "அந்தக் கன்னை வேரோட எடுத்துட்டு வந்துடவாங்க?" என்றாள்.

"எங்க நடுவ? இங்க சிமெண்டுத் தரை."

"தொட்டியில..." என்று ஆரம்பித்தவள், தானே நிறுத்திக்கொண்டு அடுத்த பிளவுஸை எடுத்தாள்.

மார்ச் கடைசி நாள். அருள்மொழி பொறுப்பேற்க வந்தான். நல்ல பையன் என்பதுதான் கொடுமை. குனிந்து வணக்கம் சொன்னான்.

"அண்ணே, குவார்ட்டர்ஸுக்கு நேத்தே வந்துட்டோம். வாசல்ல யாரோ கறிவேப்பிலை வெச்சிருக்காங்க, ரசத்துக்குப் போட்டோம், என்னா வாசனைங்கறீங்க!"

"அப்படியா?"

"சரிண்ணே, வேலைக்கு வருவோம். டேட்டாபேஸ் எங்க இருக்கு?"

"பின்னாடி இருக்கு. மல்லாட்டை காயுது."

அருள்மொழி எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வள்ளியம்மாள் தளத்தின் நடுவில் உட்கார்ந்து சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ மெயில் எதுலண்ணே ஓடுது?"

இசக்கிமுத்து அந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து காட்டினான். நாற்பது வரிகள். தலைவர் ஒரு வரி, அன்புச்செல்வன் ஒரு வரி, வாலிபால் இளவேனில் ஒரு வரி, மகளிர் இளவேனில் ஒரு வரி.

"புது ஆளைச் சேக்கறது எப்படிண்ணே?"

கடைசியில் ஒரு வரி அடித்தான். அருள்மொழி உறுப்பினர் ஆனான்.

"எடுக்கறது?"

இசக்கிமுத்து கொஞ்சம் மேலே போனான். தன் பெயர் இருந்த வரியில் கர்சரை வைத்தான். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினான். கீழே இருந்த வரிகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. எந்த இடத்தில் ஓர் ஆள் இருந்தான் என்று பார்த்தால் தெரியாது.

"அவ்வளவுதானாண்ணே?" அருள்மொழிக்கு நம்ப முடியவில்லை. "இதுக்கு எதுக்கு டேட்டாபேஸ்?"

"இதுக்குத் தேவையில்ல தம்பி" என்றான் இசக்கிமுத்து.

கிளம்பும்போது வள்ளியம்மாள் தளத்திலிருந்து இரண்டு கை மல்லாட்டை அள்ளி அவன் பையில் போட்டார். "நானும் இருவது வருசமா கான்ட்ராக்ட்டுதான் தம்பி. எனக்கு எவனும் பர்மனென்ட்டுன்னு ஆசை காட்டல. அதனால நான் நல்லா தூங்கிகினு இருக்கேன்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத சொத்தையைத் தேடினார்.

மறுவாரம் அவர்தான் போனில் இதையும் சொன்னது.

இசக்கிமுத்துவின் பதினோரு வருஷ சேவையைப் பாராட்டி நன்றி தெரிவிக்க வேண்டும் என்று தலைவர் கூட்டத்தில் தீர்மானம் போட்டாராம். தீர்மானத்தை அவனுடைய கூட்டமைப்பு முகவரிக்கே மெயிலில் அனுப்பினார்களாம். அந்தக் கறுப்புப் பெட்டி மெயிலை வாங்கி, தன் ஃபைலில் தேடிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. அதை என்ன செய்வதென்று அருள்மொழிக்குத் தெரியவில்லை, பிரிண்ட் எடுத்தான். விதிப்படி தமிழாசிரியரிடம் போனது. அவர் வெற்றிலை போட்டு யோசித்து மொழிபெயர்த்தார்.

'இப்பெயரினர் ஈண்டு இலர்.'

அட்டைக்குள் வைத்துத் தலைவர் மேஜைக்கு அனுப்பினார்கள். தலைவர் பச்சைப் பேனாவைத் திறந்து, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.